செல்ஃப் எடுக்கவில்லையா? முதலில் பீடியை அணையுங்கள்!

சம்பா நடவு நெருங்கிவிட்டதால், இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை நாற்றங்காலைப் பற்றியவை. அவற்றுக்கு அடுத்த இதழில் பதில் சொல்கிறேன். இடையிடையே பேட்டரியைப் பற்றிச் சில கேள்விகள் வந்திருந்தன. ‘இது வேளாண்மை அலுவலரிடம் கேட்கிற கேள்வியா என்று தெரியவில்லை’ என்று தயங்கித் தயங்கி எழுதியிருந்தார்கள். தாராளமாகக் கேட்கலாம். டிராக்டர், பவர் டில்லர், தெளிப்பான், மின்வேலி, ஸ்கூட்டர், படகு என்று பேட்டரி இல்லாத இடமே இப்போது இல்லை. பூச்சிக்கொல்லி டப்பாவில் சிவப்பு முக்கோணத்தைப் பார்த்தால் ஒதுங்கி நிற்கிற நாம், பேட்டரிப் பக்கத்தில் பீடி பிடித்துக்கொண்டு நிற்கிறோம். அதனால் இந்த இதழ் முழுக்கப் பேட்டரிதான்.

“உழவுக்கு வந்த டிராக்டர் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு செல்ஃப் எடுக்கவில்லை. டிரைவர் பேட்டரி மூடியைத் திறந்து, உள்ளே தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க லைட்டரைப் பற்ற வைத்தார். வெடி வெடித்ததுபோல பேட்டரி சிதறிவிட்டது. கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது. கையைத் தொட்டால் ஷாக்கூட அடிக்காத 12 வோல்ட் பேட்டரி எப்படி வெடிக்கும்?”
– திருவாரூர் மாவட்ட வாசகர்

உங்கள் டிரைவர் கொடுத்து வைத்தவர். என் அண்ணனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

1993-ம் வருடம். நான் வேளாண்மைப் படிப்பை முடித்துவிட்டு, வேலைக்கு எழுதிப் போட்டுவிட்டு ஊரில் இருந்தேன். டிராக்டர் பேட்டரியைக் கழற்றி, மோட்டார் கொட்டகையில் வைத்து, பகல் முழுக்க சார்ஜ் ஏற்றியிருந்தோம். பொழுது சாய்ந்த நேரம் கரன்ட் போய்விட்டது. செல்போன் வெளிச்சமெல்லாம் இல்லாத காலம். அண்ணன் மூடிகளைத் திறந்து குனிந்துகொண்டு, “தம்பி, ஒரு குச்சி கிழிச்சுக் காட்டு, தண்ணி எவ்வளவு கிடக்குன்னு பார்ப்போம்” என்றார். நான்தான் கிழித்தேன். அடுத்து நான் பார்த்தது, முகத்தைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்த அண்ணனை.

இரண்டு கை தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்தோம். துண்டால் கண்ணைக் கட்டி, பைக்கில் நடுவில் உட்காரவைத்து, 14 கிலோமீட்டர் தள்ளி இருந்த ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அங்கே டாக்டர் கேட்ட முதல் கேள்வி, “எவ்வளவு நேரம் தண்ணி விட்டுக் கழுவினீங்க?” என்பதுதான். எங்களிடம் பதில் இல்லை. வலது கண்ணில் பார்வை திரும்பவில்லை. மோட்டார் கொட்டகையை ஒட்டி, நெஞ்சளவு தொட்டி நிறைய கிணற்றுத் தண்ணீர் கிடந்தது. அதை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. அமிலத்தைப் பற்றிப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன் நான். அன்றைக்கு அந்தப் படிப்பு என் கைக்கு வரவில்லை.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். 12 வோல்ட் ஷாக் அடிக்காது என்பது உண்மை. பேட்டரியில் ஆபத்து வேறு மூன்று இடங்களில் இருக்கிறது.

காற்று: பேட்டரிக்குள் இருப்பது கந்தக அமிலம் கலந்த தண்ணீர். சார்ஜ் ஏறும்போது, முக்கியமாக முழுதாக ஏறிய பிறகும் தொடர்ந்து ஏறும்போது, அந்தத் தண்ணீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்து குமிழியிடும். ஹைட்ரஜனுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நூறு பங்கு காற்றில் நான்கு பங்கு சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும். எழுபத்தைந்து பங்கு வரை அந்த ஆபத்து நீடிக்கும். சார்ஜரை நிறுத்திய உடனே அது போய்விடாது. பேட்டரிக்குள் மேல் இடைவெளியில் தங்கியிருக்கும். தண்ணீர் குறைந்த பேட்டரியில் அந்த இடைவெளி பெரிதாக இருக்கும். அடைந்திருக்கும் வாயுவும் அதிகம். தண்ணீர் வற்றிய பேட்டரி வெடிக்கும்போது பலமாக வெடிப்பது இதனால்தான்.

அமிலம்: வெடிக்கும்போது சிதறுவது இதுதான். வெடிக்காமலே மூடி வழியாகவும், சாய்த்துத் தூக்கும்போதும் கசியும். வேட்டியில் பட்டால் மறுநாள் துவைக்கும்போது ஓட்டை தெரியும். கண்ணில் பட்டால் மறுநாள்வரை காத்திருக்காது.

கரன்ட்: வோல்ட் குறைவுதான்; ஆனால் செல்ஃப் மோட்டாரைச் சுற்றுவதற்காக ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான ஆம்பியரைத் தரும்படி செய்யப்பட்டது பேட்டரி. பிளஸ்ஸையும் மைனஸையும் ஒரு ஸ்பேனர் சேர்த்துத் தொட்டால், ஸ்பேனர் நொடியில் பழுக்கும். விரலில் மோதிரமோ மணிக்கட்டில் இரும்புக் காப்போ இடையில் மாட்டினால் சதை வேகும். அந்தப் பொறியே, மேலே சொன்ன வாயுவையும் பற்ற வைக்கும்.

டிராக்டரைச் சாவி திருகி அணைக்கலாம். பேட்டரியை அணைக்க முடியாது. கழற்றி மூலையில் வைத்தாலும் இந்த மூன்றும் உள்ளேயே இருக்கும். அதனால்:

மூடியைத் திறந்து பார்ப்பதென்றால் டார்ச் வெளிச்சத்தில் மட்டும் பாருங்கள். பீடி, தீக்குச்சி, லைட்டர், அரிக்கேன் எதுவும் பக்கத்தில் கூடாது. முகத்தை நேர் மேலே கொண்டுபோகாதீர்கள். வெல்டிங் கடையில் பார்க்கும் சாதாரணப் பிளாஸ்டிக் கண்ணாடி ஒன்றை டூல்ஸ் பெட்டியில் போட்டு வையுங்கள்.

கழற்றும்போது முதலில் மைனஸ், பிறகு பிளஸ். மாட்டும்போது முதலில் பிளஸ், கடைசியில் மைனஸ். இதற்குக் காரணம் உண்டு. டிராக்டரின் இரும்பு உடம்பு முழுக்க மைனஸோடு சேர்ந்திருக்கிறது. மைனஸ் மாட்டியிருக்கும்போது பிளஸ் நட்டைக் கழற்றினால், ஸ்பேனரின் மறுமுனை உடம்பில் எங்கே பட்டாலும் பொறிதான். மைனஸை முதலில் எடுத்துவிட்டால், அதற்குப் பிறகு ஸ்பேனர் உடம்பில் பட்டாலும் ஒன்றும் ஆகாது.

சார்ஜர் கிளிப்பை மாட்டும்போதும் எடுக்கும்போதும் சுவர் சுவிட்ச் அணைந்திருக்க வேண்டும். சார்ஜ் போடும் இடம் காற்றோட்டமாக இருக்க வேண்டும். ஹைட்ரஜன் மேலே போய்க் கூரைக்கடியில் தேங்கும் என்பதால், சன்னலைவிட மேலே திறப்பு இருப்பது நல்லது. வைக்கோல், கந்தகத் தூள், பூச்சிமருந்து வைத்திருக்கும் அறையில் சார்ஜ் போடவே கூடாது. டிராக்டரிலோ டிரெய்லரிலோ வெல்டிங் வைக்கும் முன்பு பேட்டரியைக் கழற்றி எடுத்துவிடுங்கள்.

அமிலம் கண்ணில் பட்டால் ஒரே வேலைதான். அந்த இடத்திலேயே, கிடைக்கும் சுத்தமான தண்ணீரில், இமையை விரலால் விரித்துப் பிடித்து, குறைந்தது இருபது நிமிடம் தொடர்ந்து ஊற்றுங்கள். மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் ஓட வேண்டும். ஒருவர் ஊற்றட்டும், இன்னொருவர் 108-க்குப் பேசட்டும். வண்டியில் போகும்போதும் பாட்டிலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போகலாம். தாய்ப்பால், விளக்கெண்ணெய், சமையல் சோடா எதையும் கண்ணில் விடாதீர்கள். ஆஸ்பத்திரிக்கு ஓடுவது அவசியம்தான். ஆனால், கழுவாமல் ஓடுகிற ஒவ்வொரு நிமிடமும் அமிலம் வேலை செய்துகொண்டிருக்கும்.

“பேட்டரி இறங்கிப்போனால் பக்கத்தில் நிற்கும் லாரியிலிருந்து வயர் போட்டு ஸ்டார்ட் செய்வோம். அது முடியாவிட்டால் டிரைவர் கீழே நின்றபடியே செல்ஃப் மோட்டாரில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து ‘டைரக்ட்’ கொடுப்பார். இதில் ஆபத்து உண்டா?”
– பெரம்பலூர் மாவட்ட வாசகர்

இரண்டிலும் உண்டு. இரண்டாவதில் உயிரே போகும்.

முதலில் லாரி. டிராக்டர்கள் 12 வோல்ட். லாரிகளில் பல 24 வோல்ட். இரண்டு பேட்டரிகளைத் தொடராக இணைத்திருப்பார்கள். 24-ஐ 12-ல் கொடுத்தால் உங்கள் பேட்டரி கொதித்து வாயுவைத் தள்ளும்; வெடிக்கலாம், டிராக்டரின் மின்சாமான்களும் கருகலாம். எனவே லாரி டிரைவரிடம் முதலில் கேட்க வேண்டியது, “அண்ணே, உங்களது 12-ஆ, 24-ஆ?” என்பதைத்தான்.

இரண்டும் 12 வோல்ட் என்றால், வயர் போடும் வரிசை இது. இரண்டு வண்டிகளும் ஒன்றையொன்று தொடாமல் நிற்கட்டும். சிவப்பு வயரின் ஒரு முனை இறங்கிப்போன பேட்டரியின் பிளஸ்ஸில், மறுமுனை நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில். கறுப்பு வயரின் ஒரு முனை நல்ல பேட்டரியின் மைனஸில். கடைசி முனையை இறங்கிப்போன பேட்டரியின் மைனஸில் மாட்டாதீர்கள். பேட்டரியை விட்டுத் தள்ளி, என்ஜினின் பெயின்ட் இல்லாத கனமான இரும்பில் மாட்டுங்கள். கடைசியாக மாட்டும் இடத்தில் கட்டாயம் ஒரு பொறி வரும். அந்தப் பொறி வாயு இருக்கும் இடத்தில் வரக் கூடாது என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. ஸ்டார்ட் ஆன பிறகு இதே வரிசையைத் தலைகீழாகத் திருப்பிக் கழற்றுங்கள். உடைந்த, வீங்கிய, தண்ணீர் வற்றிய பேட்டரிக்கு இந்த முறையிலும் வயர் போடக் கூடாது.

அடுத்தது ஸ்க்ரூ டிரைவர் வித்தை. கிளட்ச் மிதித்தால்தான், அல்லது கியர் நியூட்ரலில் இருந்தால்தான் செல்ஃப் எடுக்கும்படி டிராக்டரில் ஒரு பாதுகாப்பு சுவிட்ச் வைத்திருப்பார்கள். ‘டைரக்ட்’ கொடுக்கும்போது அந்தப் பாதுகாப்பைத் தாண்டிவிடுகிறோம். கியரில் கிடப்பதை மறந்து கொடுத்தால், என்ஜின் பிடித்த மறுநொடியே வண்டி நகரும். கொடுப்பவர் நிற்பது பெரிய பின்சக்கரத்துக்கு நேர் முன்னால். ஒதுங்க நேரம் இருக்காது. உலகம் முழுக்க டிராக்டர் ஏறி இறப்பவர்களில் இப்படி இறப்பவர்களும் உண்டு. சீட்டில் உட்காராமல் ஸ்டார்ட் செய்யாதீர்கள். செல்ஃப் சுவிட்ச் பழுது என்றால் அன்றைக்கு உழவு நிற்கட்டும், மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

இந்த நிலைமையே வராமலிருக்க ஒரு சாதாரண மல்ட்டிமீட்டர் போதும். இரவு முழுக்க நின்ற வண்டியில், காலையில் பேட்டரியை அளந்தால் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12.0 என்றால் ஏறக்குறைய காலி. என்ஜின் ஓடும்போது 13.8-லிருந்து 14.4 வரை இருக்கலாம். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கோளாறு. பேட்டரி கொதித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அழுகிய முட்டை நாற்றம் அடித்தாலும் அதுதான் அறிகுறி. என்ஜினையோ சார்ஜரையோ நிறுத்திவிட்டுத் தள்ளிப் போய்விடுங்கள். ஆற விட்டு, பிறகு மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

டெர்மினல் பூத்திருந்தால் பேட்டரியைக் கழற்றி, சமையல் சோடா கரைத்த வெந்நீரை ஊற்றிக் கழுவுங்கள். மூடிகள் இறுக்கமாக இருக்கட்டும். காய்ந்த பிறகு கிளாம்பை முடுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவுங்கள். தளர்ந்த கிளாம்ப் செல்ஃபையும் கெடுக்கும், பொறியையும் கொடுக்கும். தண்ணீர் குறைந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். போர் தண்ணீரில் இருக்கும் உப்பு தகட்டைக் கெடுத்துவிடும். ‘வீக்காக இருக்கிறது, கொஞ்சம் ஆசிட் விடுங்க’ என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். வற்றுவது தண்ணீர்தான், அமிலம் உள்ளேயேதான் இருக்கிறது. சார்ஜ் ஏற ஏற மட்டம் உயரும் என்பதால், தகடு மூழ்கும் அளவுக்கு மட்டும் விட்டு, சார்ஜ் ஏறிய பிறகு குறிவரை நிரப்புங்கள்.

“எங்களுக்குக் கொஞ்சம் நிலமும் ஒரு ஃபைபர் படகும் இருக்கின்றன. லைட், ஜி.பி.எஸ்., வயர்லெஸ் எல்லாவற்றுக்கும் ஒரே பேட்டரி. அதைப் பலகைக்கு அடியில், பெட்ரோல் கேனுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறோம். மழைக்காலத்தில் படகுக்குள் தண்ணீர் ஏறும்போது பேட்டரியும் நனைகிறது. அப்போது பிளீச்சிங் பவுடர் போல ஒரு நெடி வந்தது. பயப்பட வேண்டுமா?”
– நாகப்பட்டினம் மாவட்ட வாசகர்

அவசியம் பயப்பட வேண்டும். நீங்கள் முகர்ந்தது குளோரின் வாயுவாக இருக்கக் கூடும். கடல் தண்ணீர் உப்புத் தண்ணீர். அது பேட்டரி டெர்மினல்களை மூடும்போதோ, உள்ளே இறங்கி அமிலத்தோடு சேரும்போதோ குளோரின் வெளிவரும். நுரையீரலைச் சுடும் வாயு அது. நீர்மூழ்கிக் கப்பல்களில் பேட்டரி அறைக்குள் கடல்நீர் புகுவதை மாலுமிகள் அவ்வளவு அஞ்சுவதற்குக் காரணம் இதுதான். அந்த நெடி வந்தால் மெயின் சுவிட்சை அணையுங்கள். காற்று வரும் திசைப் பக்கம் நகர்ந்து நில்லுங்கள். பலகைக்கு அடியில் தலையை விட்டு யாரும் பார்க்க வேண்டாம்.

உங்கள் படகில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. பேட்டரி விடும் ஹைட்ரஜன் காற்றைவிட லேசானது, மேலே போகும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. படகின் அடியில் இறங்கித் தேங்கும். வயலில் திறந்த காற்று இரண்டையும் கொண்டுபோய்விடும். படகில், பலகைக்கு அடியில், இரண்டும் ஒரே பொந்தில் அடைந்து கிடக்கின்றன. தளர்ந்த ஒரு டெர்மினல் போதும். வயலில் தீப்பிடித்தால் ஓடலாம். கடலில் எங்கே ஓடுவது?

செய்ய வேண்டியவை இவை. பேட்டரியை எரிபொருளிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி, தண்ணீர் தேங்காத உயரத்தில் வையுங்கள். மூடியில் காற்றுத் துளை உள்ள பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து, பெட்டியைப் பட்டையால் படகோடு கட்டுங்கள். அலையில் புரளும் பேட்டரி அமிலத்தையும் கொட்டும், வயரையும் பிடுங்கும். பிளஸ் டெர்மினலுக்கு ரப்பர் மூடி போடுங்கள். பிளஸ் வயரில், பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் வையுங்கள். வயர் எங்கே உரசினாலும் ஃபியூஸ் போகும், படகு பிழைக்கும். மெயின் சுவிட்ச் ஒன்று கை எட்டும் இடத்தில் இருக்கட்டும். உப்புக் காற்று செம்பு வயரை உள்ளுக்குள்ளேயே பச்சையாக அரித்துவிடும் என்பதால் மாதம் ஒருமுறை முனைகளைப் பாருங்கள். பெட்ரோல் ஊற்றும்போது மெயின் சுவிட்ச் அணைந்திருக்கட்டும். ஊற்றி முடித்துப் பலகைகளைத் திறந்து சற்றுக் காற்றோட விட்ட பிறகே என்ஜினைத் தொடுங்கள்.

குடிக்கிற தண்ணீர் போக, ஒரு கேன் நல்ல தண்ணீர் தனியாகப் படகில் இருக்கட்டும். கண்ணுக்கு உதவும். ஆபத்து என்றால் இந்தியக் கடலோரக் காவல் படையின் 1554 எண்ணைக் குடும்பத்தில் எல்லோரும் மனப்பாடம் செய்து வைத்திருங்கள்.

“லித்தியம் பேட்டரி வைத்த கைத்தெளிப்பான் வாங்கினேன். இரவு முழுக்க வீட்டுக்குள் சார்ஜ் போடுகிறேன். பேட்டரி லேசாக வீங்கியிருக்கிறது. ஆனால் நன்றாகத்தான் வேலை செய்கிறது. தொடர்ந்து பயன்படுத்தலாமா?”
– ஈரோடு மாவட்ட வாசகர்

கூடாது. இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

கைத்தெளிப்பான்களில் இரண்டு வகை பேட்டரி வருகிறது. கனமான ஈய-அமில பேட்டரி ஒன்று, லேசான லித்தியம் ஒன்று. லித்தியத்தில் அமிலம் ஊற்றுவதும் இல்லை, தண்ணீர் பார்ப்பதும் இல்லை. அதனால் தொல்லையில்லை என்று நினைக்கிறோம். அதன் ஆபத்து வேறு மாதிரி. உள்ளே ஒரு செல் பழுதாகிச் சூடேறினால், அந்தச் சூடு பக்கத்து செல்லைக் கெடுக்கும். அது அடுத்ததைக் கெடுக்கும். பரண் வைக்கோலில் நெருப்பு பரவுவதுபோல நிமிடங்களில் முடிந்துவிடும். வருகிற புகை நச்சுப் புகை. வீக்கம் என்பது உள்ளே வாயு உண்டாகிவிட்டது என்பதன் அடையாளம். வேலை செய்கிறது என்பது நற்சான்று இல்லை.

2022 மார்ச் மாதம் வேலூரில், வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் இரவில் தீப்பிடித்து, புகையில் மூச்சுத்திணறித் தந்தையும் மகளும் இறந்த செய்தியை நீங்கள் படித்திருப்பீர்கள். அந்த வருடம் நாட்டின் பல இடங்களில் ஸ்கூட்டர்கள் எரிந்த பிறகுதான், ஏ.ஐ.எஸ். 156 என்ற தரவிதியை மத்திய அரசு கடுமையாக்கியது. அது 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலுமாக இரண்டு கட்டங்களாக நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு வாங்கிய வண்டி என்றால் கூடுதல் கவனம் தேவை.

தெளிப்பானோ ஸ்கூட்டரோ, படுக்கும் அறையிலும், வெளியேறும் வாசலை மறித்தும் சார்ஜ் போடாதீர்கள். எல்லோரும் விழித்திருக்கும் நேரத்தில், தாழ்வாரத்தில், தரையில் வைத்து, பக்கத்தில் சாக்கு, துணி, மருந்து டப்பா இல்லாமல் போடுங்கள். அதனுடன் வந்த சார்ஜரை மட்டும் பயன்படுத்துங்கள். ஈய-அமில பேட்டரியின் சார்ஜரை லித்தியத்துக்குப் போடவே கூடாது. வெயிலில் மருந்தடித்து வந்த சூட்டோடு சார்ஜில் போடாமல், நிழலில் ஆற விடுங்கள். விளக்கு பச்சையானதும் எடுத்துவிடுங்கள். கீழே விழுந்த, நனைந்த, வீங்கிய பேட்டரியை வீட்டை விட்டுத் தள்ளி வெளியே வைத்து, வாங்கிய கடையிலேயே ஒப்படையுங்கள். உள்ளூரில் பிரித்து செல் மாற்றித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

தீப்பிடித்துவிட்டால் வண்டியைக் காப்பாற்ற நினைக்காதீர்கள். ஆட்களை வெளியேற்றி, கதவைச் சாத்தி, 101-ஐ அழையுங்கள். அணைந்ததுபோலத் தெரிந்தாலும் சில மணி நேரம் கழித்து மறுபடி பற்றும். ஏராளமாகத் தண்ணீர் அடித்துக் குளிர வைப்பதுதான் வழி. அதைத் தீயணைப்பு வீரர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

“பழைய டிராக்டர் பேட்டரி உடைந்துவிட்டது. வேலியோரம் கிடக்கிறது. கன்றுக்குட்டி அடிக்கடி போய் நக்குகிறது. தடுத்தால் போதுமா?”
– தருமபுரி மாவட்ட வாசகர்

இந்த இதழிலேயே அவசரமான கேள்வி உங்களுடையதுதான். பத்திரிகை வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்று உங்களுக்குப் போனிலேயே சொல்லிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

பேட்டரித் தகடு ஈயம். மாட்டுக்கு, அதிலும் கன்றுக்கு, எதையும் நக்கிப் பார்க்கும் குணம் உண்டு. உடைந்த பேட்டரியை நக்கி ஈய நஞ்சேறிச் சாகும் மாடுகள் கால்நடை மருத்துவத்தில் நன்கு தெரிந்த விஷயம். கண் தெரியாததுபோல முட்டுவது, பல்லை நறநறவென்று கடிப்பது, எச்சில் வழிவது, சுவரில் தலையை அழுத்தி நிற்பது, தள்ளாடுவது, வலிப்பு இவை அறிகுறிகள். பாம்பு கடித்தது, வெறி பிடித்தது என்று நினைத்துக் காலத்தைக் கடத்திவிடுவார்கள். அறிகுறி வரும்வரை பார்த்துக்கொண்டிருக்காமல், நக்கியது தெரிந்தாலே கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள். கறவை மாடாக இருந்தால் அவர் சொல்லும்வரை பாலை வீட்டுக்கும் எடுக்காதீர்கள், விற்கவும் செய்யாதீர்கள். ஈயம் பாலிலும் வரும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும்.

பேட்டரி கிடந்த இடத்து மண் விஷயத்தில் நான் பேசலாம். கொட்டிய அமிலத்தைச் சுண்ணாம்பு போட்டுச் சரிசெய்யலாம். ஈயத்தை அப்படிச் சரிசெய்ய முடியாது. அது மக்காது, மழையில் கரைந்தும் போகாது. மேல்மண்ணிலேயே தலைமுறைக் கணக்கில் கிடக்கும். கையுறை போட்டு, துண்டுகளோடு அந்த மேல்மண்ணையும் சேர்த்துச் சுரண்டி எடுத்து, கெட்டியான பிளாஸ்டிக் வாளியில் மூடி வையுங்கள். குப்பைக்குழியிலும் வாய்க்காலிலும் கொட்ட வேண்டாம். அந்த இடத்தில் கீரையோ கிழங்கோ போடாதீர்கள். மாடு கட்டவும் வேண்டாம்.

பழைய பேட்டரியைப் புதியது வாங்கும்போதே கடையில் கொடுத்து, விலையில் கழித்துக்கொள்ளுங்கள். 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழையதைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்புவது தயாரிப்பாளரின் பொறுப்பு. வீட்டு வாசலில் அமிலத்தைக் கொட்டிவிட்டு ஈயத்தை மட்டும் எடுத்துப்போகும் ஆளுக்கு, நூறு ரூபாய் கூடக் கிடைத்தாலும் கொடுக்காதீர்கள்.

கொட்டகைச் சுவரில் எழுதி வைக்க:

1. டார்ச் மட்டும். தீக்குச்சி, லைட்டர், பீடி கூடாது.
2. கழற்ற முதலில் மைனஸ். மாட்டக் கடைசியில் மைனஸ்.
3. மோதிரம், காப்பு, வாட்ச் கழற்றிவிட்டுத் தொடவும்.
4. சுவிட்சை அணைத்த பிறகே சார்ஜர் கிளிப்.
5. சீட்டில் உட்கார்ந்துதான் ஸ்டார்ட்.
6. கண்ணில் பட்டால் அங்கேயே, இருபது நிமிடம், தண்ணீர்.

அண்ணனுக்கு இப்போது அறுபதைத் தாண்டிவிட்டது. டிராக்டர் ஓட்டுவதைப் பையனிடம் விட்டுவிட்டார். ஆனால் பேட்டரியில் கை வைப்பதென்றால், ஒரு வாளி தண்ணீரும் செம்பும் பக்கத்தில் கொண்டுவந்து வைத்த பிறகுதான் ஸ்பேனரை எடுக்கவிடுவார். இந்தக் கட்டுரையை எழுதுவதாகச் சொன்னபோது, “குச்சி கிழிச்சவன் நீதான்னு எழுதாதே, நான்தானே கேட்டேன்” என்றார். எழுதிவிட்டேன். வாளியைப் பற்றியும் எழுதச் சொன்னார். அதையும் எழுதிவிட்டேன். செலவில்லாத காரியம், இன்று மாலையே உங்கள் கொட்டகையிலும் ஒரு வாளி வையுங்கள்.

அடுத்த இதழில் சம்பா நாற்றங்கால் கேள்விகள். மஞ்சள் நாற்றுக்கு யூரியா தூவும் முன்பு, நாற்றை வேரோடு பிடுங்கி ஒருமுறை பார்த்துவிட்டு எழுதுங்கள்.